பன்னிரண்டு வீட்டு மாப்பிள்ளை

நுமீசியஸுக்கு அன்று பன்னிரண்டாவது கல்யாணம். பொழுது விடிந்ததும் விடியாததுமாக சுபூராத் தெருவின் ஐந்தாம் மாடியிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, கீழே சவரக் கடையில் முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தொன்று. பல்லில் பாதி போய்விட்டது, ஒரு பக்கம் காது மந்தம். தொண்டை மட்டும் அப்படியே இருந்தது. முப்பது வருஷம் ஏல மேடையில் நின்று கூவிய தொண்டை அது. அவர் இருமினால் எதிர்வரிசை ரொட்டிக் கடைக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

"இந்தத் தடவை பொண்ணு யாரு பெரியவரே?" என்றான் சவரக்காரன்.

"அவென்டைன் குன்றுல சாயப்பட்டறை வெச்சிருக்காங்களே, வெராத்தியா அம்மா."

"அடேங்கப்பா! வேலைக்காரங்க கண்ணுல விரலை விட்டு ஆட்டுவாங்களே, அந்தம்மாவா? உங்களை எத்தனை நாளைக்கு வெச்சுக்குவாங்களாம்?"

"மத்தியானச் சாப்பாடு வரைக்கும்."

"சாப்பாடு போட்டு அனுப்புவாங்களா, போடாமலா?"

"நீ முதல்ல கழுத்தைப் பார்த்து வழிடா. கல்யாணத்துக்கு முன்னாடியே அந்தம்மாவை விதவையாக்கிடாதே."

இந்த மாதிரிக் கல்யாணத்தைப் பார்த்து ரோமில் யாரும் வாயைப் பிளப்பதில்லை. செத்தவருடைய சொத்து யாருக்குப் போகிறதோ, அவருக்கே செத்தவருடைய குலதெய்வமும் போகும். சொத்தை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு சாமியை வாசலில் நிறுத்தலாம் என்றால் பூசாரிகள் விடமாட்டார்கள். வருஷத்துக்கு இத்தனை நாள் பன்றி வெட்டிப் படையல், அந்த நாட்களில் வீட்டில் ஒரு வேலையும் நடக்கக்கூடாது என்று ஏகப்பட்ட கெடுபிடி. இதெல்லாம் செய்ய மனசில்லாத பணக்காரப் பெண்களுக்காக வக்கீல்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிற, பிள்ளைகுட்டி இல்லாத ஓர் ஏழைக் கிழவனைப் பிடித்து வந்து அந்தப் பெண்ணுக்குக் கட்டி வைத்துவிடுவது. ஒரு தராசு, ஒரு வெண்கலத் துண்டு, ஐந்து சாட்சிகள், அவ்வளவுதான் செலவு. கட்டியதும் சட்டப்படி அவளும் அவள் சொத்தும் சாமியும் மொத்தமாகக் கிழவன் கைக்குள் வந்துவிடும். உடனே கிழவன் அவளை விடுவித்துவிட்டு, சொத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திருப்பிக் கொடுப்பான். தனித்தனியாகக் கொடுக்கிற பொருளோடு சாமி போகாது, கிழவன் தலையிலேயே தங்கிவிடும். கிழவன் சாகும்போது அதுவும் போய்ச் சேரும். கேட்பாரும் இல்லை, செய்வாரும் இல்லை. இப்படி ஒரு யோசனை வக்கீலுக்குத்தான் வரும்.

இந்தத் தொழிலில் நுமீசியஸுக்கு ஊரெல்லாம் நல்ல பெயர். பதினோரு வீட்டுச் சொத்து அவர் கைக்கு வந்து போயிருக்கிறது. ஒரு காலை நேரம் முழுக்க ஆலிவ் தோப்புகளும் குதிரைகளும் அவருடையவையாக இருந்து, ஒரு கோழிக்குஞ்சு குறையாமல் திரும்பிப் போயிருக்கின்றன. அவரிடம் இருந்த ஒரே குறை, அவர் சாகவில்லை என்பதுதான். முதல் வீட்டுக்காரம்மா இரண்டு தடவை ஆள் அனுப்பி உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, ஏமாற்றத்தோடு ஒரு கூடை அத்திப்பழம் கொடுத்தனுப்பினாள்.

இன்னொரு விஷயம் ஊருக்குத் தெரியாது. அந்த ஐந்தாம் மாடி அறையில் ஒரு பலகை உண்டு. அதன்மேல் பதினோரு உப்புக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று அவருக்கு மனப்பாடம். பன்றிக்கு எங்கே போவது? உப்புக் கலந்த மாவை ஒரு சிட்டிகை நெருப்பில் போட்டு, அந்தந்த வீட்டுப் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிடுங்கள் என்பார். கூலி வாங்கிக்கொண்டு சாமியைப் பட்டினி போட அவருக்கு மனம் வரவில்லை. அதுவும் தவிர, அவர் அடிமையாகப் பிறந்தவர். அடிமைக்கு அப்பன் கிடையாது, பாட்டன் கிடையாது. பதினோரு வீட்டுப் பாட்டன்மார்கள் வந்து தன் அறையில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

ஆனால் அன்று அவர் போனது கூலிக்கும் அல்ல, பெருமைக்கும் அல்ல. அவருடைய மகள் வெராத்தியாவின் வீட்டில் இருந்தாள்.

அவர் பிறந்து வளர்ந்ததே அந்தச் சாயப்பட்டறையில்தான். அங்கே நூல் அலசுகிற பெண்ணொருத்தியோடு அவர் வாழ்ந்தார், ஒரு பெண் குழந்தை பிறந்தது. சட்டத்தில் அது கல்யாணமும் இல்லை, அது அவர் குழந்தையும் இல்லை. குழந்தைக்கு நாலு வயதானபோது வெராத்தியாவின் அப்பா அவரை ஏலத்தில் விற்றார். வாங்கியவர் நுமீசியஸ் என்ற ஏலக்காரர். அந்த ஏலக்காரர் இவருடைய குரலுக்காக வாங்கி, தொழில் சொல்லிக்கொடுத்து, கடைசியில் விடுதலையும் கொடுத்து, தன் பெயரையும் கொடுத்துவிட்டுச் செத்தார். குழந்தையின் தாய் அதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தை தல்லூசாவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. சாயத் தொட்டி எப்போது பக்குவம் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுகிற மூக்கு அவளுக்கு. நுமீசியஸ் மூன்று தடவை தரகர் மூலம் விலைக்குக் கேட்டார். யாருக்காக என்று சொல்லவில்லை. மூன்று தடவையும் ஒரே பதில்தான் வந்தது. என் மூக்கை நானே அறுத்து விற்பேனா என்று கேட்டு அனுப்பினாள் வெராத்தியா.

அந்த வெராத்தியாவின் அப்பா போன இளவேனிலில் செத்தார். குலதெய்வம் மகள் தலையில் வந்து இறங்கியது. வருஷத்துக்கு ஒன்பது நாள் நெருப்பை அணைக்க வேண்டும், ஒன்பது நாளும் தொட்டிகள் ஆறிச் சாயம் கெட்டுப்போகும். ஒரே வருஷத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. வக்கீல் கால்வென்டியஸைக் கூப்பிட்டாள். கால்வென்டியஸ் நுமீசியஸைக் கூப்பிட்டார்.

ஐந்து நாளைக்கு முன் மாவுக் கடையில் தல்லூசாவைப் பார்த்தார். அந்த வீட்டுப் படையல் வேலை முழுக்க அவள் கையில்தான். கோதுமை வாங்குவதும் அவள்தான், உப்புச் சேர்த்து அரைப்பதும் அவள்தான். இப்படிக் கடைத்தெருவில் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவாள். ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுப் பழகினால் வீட்டில் வாய்தவறி வந்துவிடும் என்று அவளே முதல் நாள் சொல்லியிருந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, நாள் குறிச்சாச்சா?" என்றாள். "எங்க எஜமானியம்மாவை நீங்க கட்டிக்கிட்டா எனக்கு நீங்க என்ன முறை?"

"எஜமானன். அரை நாளைக்கு."

"அரை நாளைக்காவது ஒழுங்கா அதிகாரம் பண்ணுங்க."

"விளையாடாதே, கேளு. அந்த வக்கீல் எப்பவும் ஒண்ணு சொல்லுவான். சாமிக்குப் புழங்கினது எதையும் திருப்பி வாங்காதீங்க, வாங்கினா சாமியும் கூடவே வந்துடும்னு. கிண்ணம், தட்டு, சாம்பிராணி டப்பா எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டுப் போயிடுவாங்க. பதினோரு தடவையும் அதான் நடந்தது. அவன் அதை மட்டும் சாட்சிங்க முன்னாடி சொல்லட்டும், நான் உன்னைக் கேப்பேன்."

தல்லூசா கோதுமையைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "நான் கிண்ணமா?"

"சட்டத்துக்கு நீ கிண்ணம்தாண்டி. இத்தனை நாள் அதை நினைச்சு வயிறெரிஞ்சேன். இப்ப நல்லதாப் போச்சு."

"அவன் சொல்லாமப் போனா? இல்ல, சொல்லியும் அம்மா ஒத்துக்கலேன்னா?"

"உன்னைப் பண்ணைக்கு வித்தாலும் விப்பாங்க." அதைச் சொல்லும்போது அவருடைய பெரிய குரல் எங்கேயோ ஒளிந்துகொண்டது. "அதனாலதான் உன்னைக் கேக்கறேன். வேணாம்னா சொல்லு, வாயைத் திறக்க மாட்டேன்."

அவள் கோதுமையைத் திரும்பக் கொட்டினாள். "இது சரியில்ல, பழசு," என்றாள் கடைக்காரனிடம். பிறகு இவரைப் பார்த்து, "கேளுங்க. நல்லாச் சத்தமாக் கேளுங்க," என்றாள்.

அதனால்தான் கழுவித் தேய்த்த மேலாடையைப் போர்த்திக்கொண்டு குன்றேறியபோது அவர் நடையில் அவ்வளவு மிடுக்கு. வழியில் யாராவது அவரிடம் பயமா என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அந்த வக்கீலின் வாய்மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

வெராத்தியா வீட்டு முற்றத்தில் எல்லாம் தயாராக இருந்தது. தராசுக்காரன் ஒரு மூலையில். சாட்சிகள் ஐந்து பேர், அதில் ஒருவன் ஹெல்வியஸ் என்ற இளம் எண்ணெய் வியாபாரி. போன வருஷம் நுமீசியஸ் மணந்த அம்மாளுக்கு அவன் அக்காள் மகன். சட்டப்படி வெராத்தியாவுக்காக ஒப்புதல் தரவேண்டிய காப்பாளர், அதாவது அவளுடைய அத்தை புருஷன் முர்ரியஸ், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அரைத் தூக்கத்தில் இருந்தார். கால்வென்டியஸ் நடுவில் நின்றார். தான் பேசுவதைத் தானே ரசித்துக் கேட்கிற ஆள் அவர். கேட்பதற்கு ஆறு பேர் கிடைத்துவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

வெராத்தியாவுக்கு நாற்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் சிவப்புச் சாயம். "சீக்கிரம் ஆகட்டும் பெரியவரே," என்றாள். "மூணு தொட்டி கொதிச்சிட்டிருக்கு."

"எனக்கும் வயசாகுதும்மா," என்றார் நுமீசியஸ். சாட்சிகள் சிரித்தார்கள்.

"என் வீட்டுக்குத் தலைவியாக வரச் சம்மதமா?" என்று முறைப்படி கேட்டார். சம்மதம் என்றாள் அவள், தொட்டி இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டே. முர்ரியஸை யாரோ தட்டினார்கள். அவரும் சம்மதம் என்று தலையாட்டினார். நுமீசியஸ் வெண்கலத் துண்டால் தராசைத் தட்டினார். அந்தச் சத்தம் அடங்கியபோது சாயப்பட்டறையும் வீடும் முப்பது ஆடும் பத்தொன்பது அடிமைகளும் மூலையில் புகைபடிந்த சிறு மாடத்தில் இருந்த தெய்வங்களும் அவருடையவை. இன்னும் இரண்டு தட்டு, வெராத்தியா முர்ரியஸின் கைக்குப் போய், அங்கிருந்து விடுபட்டு மறுபடி தன் இஷ்டத்துக்கு ஆனாள். மொத்தமும் ஒரு முட்டை வேகிற நேரம்கூட ஆகவில்லை.

பிறகு திருப்பிக் கொடுக்கிற படலம். கால்வென்டியஸ் மெழுகுப் பலகையைப் பார்த்துப் படித்தார். வீடு, பட்டறை, தோட்டம், ஆடு என்று ஒவ்வொன்றாகத் தராசு தட்டி வெராத்தியாவிடம் போனது. நுமீசியஸ் ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார். ஆனால் காது மட்டும் வக்கீலின் வாயில் இருந்தது. அந்த வார்த்தை இன்னும் வரவில்லை. மனுஷன் அன்று பார்த்து அவசரத்தில் இருந்தார், வேறெங்கோ விருந்துக்குப் போக வேண்டுமாம். பலகையின் கடைசி வரிக்கு வந்துவிட்டார். நுமீசியஸ் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு தடவை சொன்னவன் பன்னிரண்டாம் தடவை விழுங்கிவிடுவானோ?

"ஒரு நிமிஷம்," என்றாள் வெராத்தியா. "அந்த உப்புக் கிண்ணம் எழுதலையே? அது வெள்ளி. எங்க பாட்டி கொண்டுவந்தது. அதையும் சேருங்க."

கால்வென்டியஸ் நிமிர்ந்தார். நுமீசியஸுக்கு அந்த நிமிஷம் வெராத்தியாவின் காலில் விழலாம் போல இருந்தது.

"கூடாதம்மா!" என்றார் வக்கீல். விருந்து மறந்துபோயிற்று. "கிண்ணம்தானேன்னு நினைக்கறீங்க. நாளைக்குப் பூசாரிங்க வந்து நிப்பாங்க. சாமிக்கு உப்பு வெச்ச கிண்ணம் உன்கிட்ட இருக்கே, அப்ப சாமியும் உன்கிட்டதான்னு சொல்லுவாங்க. என்ன பதில் சொல்வீங்க? இருபது வருஷமா நான் சொல்லிட்டு வர்ற கருத்து இது. படையலுக்குன்னு புழங்கின பொருள் எதுவா இருந்தாலும், வெள்ளியோ மண்ணோ, பெருசோ சிறுசோ, படையலோடதான் போகணும். ஒண்ணைத் திருப்பி எடுத்தாலும் மொத்தமும் திரும்பி வந்துடும். சாட்சிகளே, நல்லாக் கேட்டுக்குங்க."

சாட்சிகள் நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள். வெராத்தியா முகம் சுளித்து, "சரி, போகட்டும்," என்றாள். கிண்ணம், தட்டு, டப்பா மூன்றும் நுமீசியஸ் பக்கம் நகர்த்தி வைக்கப்பட்டன.

அடிமைகள் வரிசையாக வந்தார்கள். வெராத்தியா ஒவ்வொருவர் கையையும் பிடித்து, இவன் என்னுடையவன் என்று சொல்ல, தராசு தட்டப்பட்டது. பதினெட்டு பேர் முடிந்தது. பத்தொன்பதாவதாகத் தல்லூசா வந்தாள், இரண்டு கையையும் முன்றானைக்குள் சுருட்டிக்கொண்டு. வெராத்தியா கையை நீட்டினாள்.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றார் நுமீசியஸ்.

அவர் சத்தமாகத்தான் கேட்டார். அந்தக் குரலுக்கு முர்ரியஸ் திடுக்கிட்டு முழித்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு இந்த வீட்ல என்ன வேலை பண்றா?"

"சாயத் தொட்டி," என்றாள் வெராத்தியா.

"அது மட்டுமாம்மா? படையலுக்கு மாவு அரைக்கறது யாரு? மாடத்தைக் கழுவறது யாரு? நெருப்பு ஏத்தறது யாரு?"

சாட்சிகளில் ஒருவர், "இவதான். போன படையலுக்கு நானே பார்த்தேன்," என்றார்.

"அப்ப இவளும் படையலுக்குப் புழங்கின பொருள்தானே? நான் திருப்பிக் குடுத்துடறேன், எனக்கென்ன. நாளைக்குப் பூசாரிங்க வந்து, அரைச்ச கை உன்கிட்ட இருக்கேன்னு அம்மாவைக் கேட்டா? இவளோட சேர்ந்து சாமியும் திரும்பி வந்துட்டா? ஒன்பது நாள் தொட்டி ஆறிப்போனா, அப்புறம் கிழவன்தான் ஏமாத்திட்டான்னு என்னைச் சொல்லக்கூடாது."

கால்வென்டியஸ் குறுக்கிட்டார். "அது... பாத்திரம் வேறே, ஆள் வேறே."

"சட்டத்துலயா ஐயா? முப்பது வருஷம் ரெண்டையும் ஒரே மேடையில ஏத்தித்தான் கூவினேன். என்னையும் அதே மேடையிலதான் வித்தாங்க. அன்னிக்கு எந்த வக்கீலும் வந்து ஆள் வேறேன்னு சொல்லலையே."

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் கருத்தைக் கொஞ்சம் சுருக்கிப் பொருள் கொள்ளலாம் என்று ஆரம்பித்தார். அதற்குள் எண்ணெய் வியாபாரி ஹெல்வியஸ் எழுந்து நின்றுவிட்டான்.

"அதெப்படி ஐயா சுருக்குவீங்க? போன வருஷம் எங்க சித்திகிட்டயும் இதையேதானே சொன்னீங்க? அதை நம்பித்தானே சாம்பிராணி டப்பாவைக்கூட விட்டுட்டு வந்தோம்? இன்னிக்கு உங்க கருத்து மாறிச்சுன்னா எங்க சித்தி கதி என்ன? மத்த பத்து பேர் கதி என்ன? எல்லார் வீட்டுச் சாமியும் மூட்டையைக் கட்டிக்கிட்டுத் திரும்பி வரவா?"

பதினோரு பணக்கார அம்மாள்கள் தன் வீட்டு வாசலில் நிற்பதை வக்கீல் அப்போதே பார்த்துவிட்டார் போலிருந்தது. "என் கருத்து மாறவே மாறாது," என்றார். "இருபது வருஷமா மாறினதில்ல."

வெராத்தியா அவரைப் பார்க்கவே இல்லை. நுமீசியஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாபாரம் பண்ணுகிற பெண், யாருக்கு எது வேண்டும் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டாள்.

"மூணு தடவை தரகன் வந்தானே, அது நீங்கதானா?"

"நான்தாம்மா."

"உங்களுக்கு இவ என்ன வேணும்?"

பொய் சொல்லலாம். சமையலுக்கு ஆள் வேண்டும் என்றோ, வயசான காலத்தில் துணை என்றோ எதையாவது சொல்லலாம். சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு கல்யாணத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாத மனுஷன்.

"என் மக," என்றார். "இந்த முற்றத்துலதான் நடக்கப் பழகினா. நாலு வயசுல விட்டுட்டுப் போனேன். போனேன்னு சொல்றது தப்பு, கொண்டுபோனாங்க. உங்கப்பாமேல எனக்குக் கோபம் இருந்தது. இப்ப இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

பட்டறையில் தொட்டி கொதிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. வெராத்தியா தல்லூசா பக்கம் திரும்பினாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

தல்லூசா முன்றானைக்குள்ளிருந்து கைகளை எடுத்து நீட்டினாள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெள்ளை மாவு. நகக்கண்ணெல்லாம் உப்பு.

"அடுத்த மாசப் படையலுக்குக் காலையிலேயே அரைச்சு வெச்சேம்மா," என்றாள். "இன்னும் கை கழுவல. பிடிக்கறதுன்னா பிடிங்க."

நுமீசியஸுக்கே இது தெரியாது. இவர் பாட்டுக்கு வக்கீலை நம்பி வந்திருக்கிறார், பெண் தன் கையை நம்பி வந்து நிற்கிறாள்.

வெராத்தியாவின் சிவப்பு விரல்கள் நீண்டன. அந்த மாவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. பிடித்தால் மூக்கும் கிடைக்கும், சாமியும் கிடைக்கும், வருஷத்துக்கு ஒன்பது நாள் ஆறிய தொட்டியும் கிடைக்கும். பிடிக்காவிட்டால் மூக்கும் இல்லை, சாமியும் இல்லை. ஐந்து சாட்சிகளும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"நல்லாத் திட்டம் போட்டிருக்கீங்க ரெண்டு பேரும்," என்றாள். கோபம் இருந்தது, கூடவே வேறு ஏதோவும் இருந்தது. "கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். மத்தப் பதினோரு வீட்டுச் சாமியோட எங்க சாமியையும் பட்டினிதானே போடப் போறீங்க?"

"நான் யாரையும் பட்டினி போட்டதில்லம்மா. பதினோரு வீட்டுக்கும் நாள் தவறினதில்ல. ஒரு சிட்டிகை மாவுதான், என் வசதி அவ்வளவு."

"செய்றீங்களா?" என்று கால்வென்டியஸ் கத்தினார். "உங்களை யாரு செய்யச் சொன்னது?"

"செய்யாதேன்னும் யாரும் சொல்லலையே ஐயா."

வெராத்தியா மாடத்தைத் திரும்பிப் பார்த்தாள். செத்துப்போன அப்பாவின் முகத்தை மெழுகில் வார்த்து அங்கே மாட்டியிருந்தார்கள். வேறு யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"எங்கப்பாவுக்குத் தேன் ஆகாது. தேன் ஊத்திடாதீங்க."

"ஊத்த மாட்டேம்மா," என்றார் நுமீசியஸ். அந்த ஆள்மேல் அவருக்கு இருந்த கோபம் போகவில்லை. ஆனால் தேன் ஊற்றமாட்டார்.

"நீ," என்றாள் வெராத்தியா தல்லூசாவிடம், பழைய குரலில். "கருஞ்சிவப்புத் தொட்டியை யாரு பார்ப்பா?"

"கூலி பேசிட்டு வரேம்மா," என்றாள் தல்லூசா.

சாப்பாடு போடாமலே அனுப்பினார்கள். நுமீசியஸும் அதற்காக நிற்கவில்லை. வக்கீலுக்கு ஒரு ராத்திரி கிடைத்தால் புதிதாக ஒரு கருத்து முளைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். கிண்ணத்தையும் தட்டையும் டப்பாவையும் மேலாடையில் முடிந்துகொண்டு, தல்லூசாவை இழுத்துக்கொண்டு குன்றிலிருந்து இறங்கினார். முழங்கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"மெதுவாப் போங்க, விழுந்து வெச்சா வாரிசில்லாம நான் யாருக்குச் சொந்தம்?"

"பேசாம வாடி. நீதிபதி குளிக்கப் போற நேரம்."

நகர நீதிபதி தினமும் அந்த வேளையில் சந்தைத் தெரு வழியாகத்தான் குளிக்கப் போவார். அடிமைக்கு விடுதலை கொடுக்க மன்றமே தேவையில்லை. நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டாலும் அவர் செய்துதான் ஆகவேண்டும். மீன் கடைக்கு எதிரே பிடித்தார்கள். நீதிபதி தோளில் துண்டோடு வந்தார். முன்னால் ஒரு சேவகன் கோலோடு, பின்னால் ஓர் எழுத்தர், அவருக்கும் பின்னால் எண்ணெய்க் குப்பி தூக்கிக்கொண்டு ஒருவன். நுமீசியஸ் தன் முழுக் குரலையும் விட்டார். தெருவே நின்றுவிட்டது.

"செவிடாக்கிடாதேய்யா," என்றார் நீதிபதி. "பேர் என்ன?"

"நுமீசியஸ்."

"அவ?"

"தல்லூசா."

"நீ அவளுக்கு என்ன வேணும்?"

அங்கே ஒரே ஒரு பதில்தான் செல்லும். "சொந்தக்காரன்," என்றார்.

எழுத்தர் எழுதிக்கொண்டார். விடுதலை பெறுகிறவள் விடுவித்தவனுடைய குலப் பெயரை எடுத்துக்கொள்வது வழக்கம். "நுமீசியா தல்லூசா," என்று உரக்கப் படித்தார். கிழவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவருக்கு முறைப்படி ஒரு மகள் பிறந்திருந்தாலும் அப்பாவின் குலப் பெயரில் அதே நுமீசியாதான். மகள் இல்லை என்று அத்தனை வருஷம் சாதித்த சட்டம், தனக்கே தெரியாமல் மகளின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டது.

"சரி, ஆகட்டும். தண்ணி ஆறிடும்," என்றார் நீதிபதி.

முறை எளிது. சொந்தக்காரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சேவகன் கோலால் தோளைத் தொட்டு, இவள் சுதந்திரமானவள் என்று சொல்வான். சொந்தக்காரன் மறுத்துப் பேசக்கூடாது. அவளை ஒரு சுற்றுச் சுற்றிக் கையை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருஷம் கூவிய மனுஷன் வாயை மூடிக்கொண்டு நின்றார். சேவகன் கோலை வைத்தான், சொல்ல வேண்டியதைச் சொன்னான். நுமீசியஸ் மகளை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அப்படியே நின்றார்.

"கையை விடு பெரியவரே," என்றான் சேவகன்.

பதினோரு வீட்டுச் சொத்தைப் பிடித்துப் பிடித்து விட்ட கை அது. ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை. கடைசியாக இந்தக் கையை அவர் பிடித்திருந்தபோது அதற்கு நாலு வயது, அன்றைக்கு இரண்டு ஆள் சேர்ந்து விரல்களைப் பிரித்தார்கள். இப்போது யாரும் பிரிக்கவில்லை. அவரே திறக்க வேண்டும். விரல் திறக்கவில்லை.

மீன் கடைக்காரி வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நீதிபதி துண்டை மறு தோளுக்கு மாற்றினார். அவரும் கொஞ்சம் தணிந்துதான் பேசினார். "விடலேன்னா சட்டப்படி அவ இன்னும் உன் அடிமைதான்யா."

"தெரியும் ஐயா," என்றார் நுமீசியஸ். கண்ணீர் சவரம் பண்ணின கன்னத்தில் எரிந்துகொண்டு இறங்கியது.

தல்லூசா அவர் பக்கம் திரும்பினாள். இன்னும் கழுவாத அந்தக் கையில் வேர்வை பட்டு மாவு பிசுபிசுத்திருந்தது, இரண்டு கையும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"கையை விடுங்கப்பா," என்றாள். "நான் எங்கயும் போகல."

நுமீசியஸ் விட்டார்.